இறங்காத தொட்டி

ஒரு வண்டியைச் சுற்றி வர நாலு நிமிஷம் ஆகிறது என்றால் அதை வண்டி என்பதா, கட்டடம் என்பதா? ஆறு வருஷமாகியும் மார்லிஸ் ஹாப்பலாவால் இதற்கு ஒரு முடிவு சொல்ல முடியவில்லை. வேலைக்கு ஏறும் முன் நாற்பத்தேழாம் நம்பர் லாரியை அவள் தினமும் ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும். டயரில் வெட்டு விழுந்திருக்கிறதா, சக்கரத்து நட்டின் கீழே துரு கோடாக இறங்கியிருக்கிறதா, எங்காவது எண்ணெய் ஒழுகுகிறதா, ஏணிப் படியில் பனி உறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தாளில் டிக் அடிக்க வேண்டும். டயரின் உயரம் பன்னிரண்டு அடி, மார்லிஸ் ஐந்தடி இரண்டங்குலம். டயரின் நடுவே உள்ள அச்சுக்குக்கூட அவள் உச்சந்தலை எட்டாது. அங்கே நின்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அவள் அப்படியே நின்றுவிடுவாள். அது பயம் அல்ல. கோயில் கோபுரத்தடியில் நிற்கும்போது நமக்கு வருமே, அது.

அந்த லாரியின் உள்சங்கதி அதைவிட ஆச்சரியம். இரண்டாயிரத்து ஐந்நூறு குதிரைசக்தி எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதே இல்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பின்சக்கரங்களுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் இரண்டு மோட்டார்களுக்குப் போகிறது. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது அதே மோட்டார்கள் கட்சி மாறிக்கொள்ளும். வண்டியை இழுப்பதை விட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அதில் பிறக்கிற சூட்டை ஒரு பெரிய விசிறி காற்றில் ஊதித் தள்ளும். நானூறு டன் எடை சரிவில் பூனை மாதிரி இறங்கும், காலால் அழுத்தும் பிரேக்கைத் தொடவே வேண்டாம். கொட்டும் இடம் வந்தால் அடிமரப் பருமனில் இரண்டு ஜாக்கிகள் இருநூற்று நாற்பது டன் மண்ணை, லாரியின் முதுகில் அதைச் சுமக்கும் தொட்டியோடு தூக்கி வானத்தைக் காட்டும். இருபத்து நாலு விநாடிக்குள் அவ்வளவும் முடிந்துவிடும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தவன் ராத்திரி தூங்கினானா என்று மார்லிஸ் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள இந்தத் திறந்தவெளி இரும்புச் சுரங்கத்துக்கு வருமுன் பதினோரு வருஷம் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அதை ஊர் மறந்தாலும் ஃபோர்மேன் டேல் சுபான்சிச் மறக்க மாட்டான். அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தினமும் காலையில் வயர்லெஸ்ஸில் அவன் குரல்தான் முதலில் வரும்.

“என்ன டீச்சரம்மா, பசங்க எல்லாரும் ஏறியாச்சா?”

“ஏறியாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. மூக்கைத் துடைச்சிட்டு வந்து சேரு.”

பிறகு அவள் ஹார்னைத் தொடுவாள். எஞ்சினை எழுப்பும் முன் ஒரு ஹார்ன், முன்னால் நகர இரண்டு, பின்னால் போக மூன்று. அந்தச் சுரங்கக் குழியில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. வலது பக்கம் ஒரு வீடே நின்றாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது என்பதால் ஹார்ன்தான் பேச வேண்டும். எண்ணிக்கை இல்லாமல் ஹார்ன் நீளமாக அலறினால், கேட்டவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

ஏப்ரல் மாதம் பனி உருகும் காலம். இரும்புக் கல்லுக்கு மேலே படிந்திருக்கும் சிவப்புக் களிமண்ணை வழித்து எடுத்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களிமண் இருக்கிறதே, அது சனியன். தொட்டியை முழுக்கத் தூக்கினாலும் மூன்றில் ஒரு பங்கு அடியில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதற்கு அந்தக் குழியின் ஓட்டுநர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தொட்டியைத் தூக்கியபடியே வண்டியைச் சற்று முன்னால் நகர்த்தி பிரேக்கைப் பட்டென்று மிதிப்பார்கள். இரண்டு குலுக்குக் குலுக்கினால் களிமண் விழுந்துவிடும். இதற்குப் பெயர் ‘உதறுவது’. சட்டப் புத்தகத்தில் இது கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

உதறுவதில் ஒரே ஒரு தொந்தரவு. தொட்டி மேலே இருக்கும்போது வண்டி நகர்ந்தால் கேபினில் ஒரு பஸ்ஸர் கத்தும். பன்னிரண்டு மணி நேர வேலையில் நாற்பது தடவை அதைக் கேட்டால் பல் கூசும். பாதி லாரிகளில் அதன் வாயை யாரோ டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். நாற்பத்தேழில் ஒட்டியது மார்லிஸ். மார்ச் மாதத்தில், கறுப்பு டேப், நாலு அடுக்கு. மீதி இருந்தது ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். பார்த்தால் தெரியும். பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஆபத்தும் அப்படித்தான் புளித்துப் போகிறது. நாற்பத்தைந்து அடி உயரத்தில் நிற்கும் இரும்பு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போயிற்று.

ஆனால் போன வாரம் ஒன்று மாறியிருந்தது. புது இடத்துக்குப் போன, கரண்டில் ஓடி மண் அள்ளும் ஷவல் எந்திரத்துக்காக மின்கம்பியை நகர்த்திப் போட்டிருந்தார்கள். மேட்டிலிருந்து திரும்பும் பாதைக்குக் குறுக்கே, கொட்டும் இடத்திலிருந்து முந்நூறு அடியில், அது புதிதாகத் தொங்கியது. தொட்டியை இறக்கிய லாரி அதன் கீழே தாராளமாகப் போகலாம்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு மார்லிஸ் மூன்று ஹார்ன் அடித்து, மேட்டு விளிம்பின் மண்வரப்புக்கு நேராகப் பின்னால் வந்தாள். வரப்பில் சக்கரத்தைச் சாய்க்காமல், பதினைந்து அடி இருக்கும்போதே நிறுத்தினாள். வரப்பு என்பது கண்ணுக்கு அடையாளம், அதுவே வண்டியைத் தடுக்கும் என்று நம்பியவர்கள் கீழே போயிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அவள் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை. தொட்டியைத் தூக்கினாள், மண் சரிந்தது. வழக்கம்போல் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டது. இரண்டு ஹார்ன் அடித்து, நகர்ந்து, ஒரு மிதி. இன்னும் ஒரு மிதி. பின்னால் தொம்மென்று விழுந்ததை இருக்கையிலேயே உணர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூமிலிருந்து லோர்னா கூப்பிட்டாள். “நாற்பத்தேழு, அடுத்த லோடுக்கு நீ மூணாம் ஷவலுக்குப் போ. இங்க வரிசை நீளமா நிக்குது.”

“மூணாம் ஷவல். சரி. அங்கயாவது காப்பி குடுக்கிறாங்களா?”

“போய்க் கேளு. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா.”

மார்லிஸ் சிரித்துக்கொண்டே மைக்கை மாட்டிவிட்டுக் காலை அழுத்தினாள். கை லீவரிடம் போகவில்லை. உதறி முடித்ததும் தொட்டியை இறக்கும் அந்த ஒரு அசைவு, ஆறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை தானாகவே நடந்த அசைவு, அன்றைக்கு நடக்கவில்லை.

முதலில் வந்தது வெளிச்சம். கண்ணாடி முழுக்க வெள்ளை. அடுத்து வந்த சத்தத்தை இடி என்று சொல்லலாம்தான், ஆனால் இடி மேலேயிருந்து வரும். இது அவள் உட்கார்ந்திருந்த இரும்பிலிருந்தே வந்தது. எஞ்சின் நின்றது. அப்புறம் ஒரு ரீங்காரம். ஆயிரம் வண்டுகளை ஒரு பெட்டியில் அடைத்ததுபோல வண்டி முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். தொட்டி வானத்தில் நிமிர்ந்து நின்றது. அதன் உதட்டில் கம்பி சிக்கி, நீலமாகப் பொரிந்தது.

‘ஐயோ, நானா? என் கையாலயா?’

உடம்பு முழுவதும் ஒரே குரலில் இறங்கி ஓடு என்றது. அவள் இறங்கவில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. கம்பி வண்டியில் பட்டால் வண்டிக்குள்ளே இருக்கிறவரை உயிர் இருக்கும். ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலும் வைத்த அந்த நொடியில் போய்விடும். சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும், எட்டு வைத்து நடந்தால் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். அவள் மைக்கை எடுத்தாள்.

“கண்ட்ரோல், நாற்பத்தேழு. தொட்டி மேல இருக்கு. கம்பியில மாட்டிக்கிட்டேன். கரண்டை நிறுத்தச் சொல்லு. ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது.”

லோர்னாவின் குரலில் இப்போது காப்பி இல்லை. “உனக்கு அடி?”

“இல்ல.”

“எலக்ட்ரீஷியன் கிளம்பிட்டான். சுவிட்ச் இருக்கிற இடத்துக்குப் போக ஏழெட்டு நிமிஷம் ஆகும். அசையாம இரு மார்லிஸ்.”

ரீங்காரம் சட்டென்று நின்றது. தூரத்தில் ஷவலும் அசையாமல் நின்றது. அந்த அமைதியில்தான் டேலின் பிக்கப் வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்து லாரிக்கு நூறடியில் நின்றது. இடது பின்சக்கரத்திலிருந்து புகை கிளம்புவதை அவன் பார்த்திருக்க வேண்டும். வயர்லெஸ்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு, தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். கம்பி செத்துவிட்டது என்று நினைத்தான்.

மார்லிஸுக்குத் தெரியும், அந்தக் கம்பி இன்னும் சாகவில்லை. மரக்கிளை பட்டால்கூட சுவிட்ச் தானாகவே இப்படித்தான் கரண்டை நிறுத்தும், கிளை விழுந்துவிட்டதா என்று சற்றுப் பொறுத்து மறுபடி விட்டுப் பார்க்கும். அவள் ஹார்னை இரண்டு கையாலும் அழுத்தினாள். கையை எடுக்கவேயில்லை. அந்த அலறலில் டேல் நின்றான்.

அதே நொடியில் மின்சாரம் திரும்பி வந்தது. மறுபடி வெள்ளை, மறுபடி அந்தச் சத்தம். சக்கரங்களைச் சுற்றியிருந்த சேற்றுத் தண்ணீர் கொதித்து ஆவியாக எழுந்தது. மண்ணின் மேல் நீலமாக ஏதோ ஊர்ந்து, டேலுக்கு முன்னால் பத்துப் பதினைந்தடி தூரத்தில் மறைந்தது. இன்னும் ஐந்தாறு எட்டு வைத்திருந்தால் அவன் அதன்மேல் நின்றிருப்பான்.

அவள் ஜன்னலை இறக்கிக் கத்தினாள். “டேல்! காலைத் தூக்காதே! ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு, தேய்ச்சுக்கிட்டே பின்னால போ!”

“என்னது?”

“கால் ரெண்டும் ஒண்ணா! தரையை விட்டு எடுக்காதே! எல்.கே.ஜி. பசங்க ரயில் விளையாடுவாங்கல்ல, அப்படி!”

ஆறடி மூன்றங்குலம் உயரமுள்ள ஃபோர்மேன், சிலிண்டரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் தேய்த்துக்கொண்டு போனான். வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அன்றைக்கு அவள் அவன் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சுக்கூட விடாமல்.

புகை கறுத்தது. அவள் கேபினில் இருந்த தீயணைப்புப் பிடியை இழுத்தாள். எஞ்சின்மேல் வெள்ளைத் தூள் கொட்டியது. எரிந்தது டயர், அங்கே தூள் போகவில்லை. புகை கேபினுக்குள் வரத் தொடங்கியது. கண் எரிந்தது. எலக்ட்ரீஷியன் போய்ச் சேர இன்னும் நாலு நிமிஷம் என்றாள் லோர்னா. நாலு நிமிஷம் இந்தப் புகையில் தாங்காது என்று மார்லிஸுக்குப் புரிந்தது.

“நான் குதிக்கப் போறேன் லோர்னா.”

“கால் ரெண்டும் ஒண்ணா, மார்லிஸ்.”

கேபினிலிருந்து ஏணியில் இறங்கினாள். கைகளும் கால்களும் இரும்பின் மேலேயே இருந்தன. இரும்போடு இரும்பாக இருக்கிறவரை மின்சாரம் அவளை வேறு ஆளாகப் பார்க்காது. கடைசிப் படி தரையிலிருந்து மூன்றடி. அங்கே அவள் நின்றபோது கையிலிருந்த ரோமமெல்லாம் எழுந்து நின்றது. தலைக்கு மேலே நூற்றைம்பது டன் இரும்பு, அதற்கும் மேலே வானத்தை முட்டும் தொட்டி, அதன் உச்சியில் ஒரு விரல் பருமன் கம்பி. அந்த விரல் நினைத்தால் போதும், இந்த மலையே ஒன்றுமில்லை. தான் எவ்வளவு சின்னவள் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பயத்தையும் மீறி, எத்தனை பிரமாண்டம் என்று மனசு வாய் பிளந்தது.

கையை விட்டாள். வெளியே தாவினாள். இரண்டு பாதமும் சேர்ந்து சேற்றில் இறங்கின. முன்னால் சாய்ந்தாள், கை தரையில் பட்டுவிடாமல் மார்போடு கட்டிக்கொண்டாள். நின்றாள். பிறகு தேய்த்துத் தேய்த்து நடந்தாள். டேலின் பிக்கப் வண்டியையும் தாண்டித் தேய்த்தாள். ‘போதும், நட’ என்று டேல் கத்திய பிறகும் இன்னொரு இருபதடி தேய்த்தாள்.

கம்பியில் கரண்டை நிறுத்தி சுவிட்சைப் பூட்டியாகிவிட்டது என்று லோர்னா அறிவித்தபோது அவர்கள் இருவரும் ஆயிரத்து ஐந்நூறு அடி தள்ளி, பாதையோரத்து உயரமான வரப்பின் பின்னால் இருந்தார்கள். மீட்புக் குழு வந்து மார்லிஸைச் சோதித்து, கையில் ஒரு வயர்லெஸ்ஸைக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்துப் பாதையை அடைக்கப் போய்விட்டது. லாரியின் பக்கம் ஒருவரும் போகவில்லை. மின்சாரம் பாய்ந்த டயர் வெளியே அணைந்தாலும் உள்ளே ரப்பர் கனன்றுகொண்டே இருக்கும், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது, இருபத்து நாலு மணி நேரம் கிட்டே போகக்கூடாது என்பது விதி.

ஒரு மணி நேரம் போயிற்று. புகை அடங்கியது. நாற்பத்தேழு வெயிலில் சும்மா நின்றது. பக்கத்தில் டேலின் வெள்ளைப் பிக்கப், யானையின் காலடியில் கோழிக்குஞ்சுபோல நின்றது. டேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேனேஜர் பெரியவர் டுலூத்திலிருந்து கிளம்பிட்டாராம். நான் போய் வண்டியை எடுத்துட்டு வந்துடறேன். ரெண்டே நிமிஷம்.”

“இருபத்து நாலு மணி நேரம், டேல்.”

“தெரியும். வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்புல அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுறதே நான்தான்.”

“போட்டுட்டு நீ தூங்கிடுவியா?”

அவன் சிரிக்கவில்லை. “அது அங்க நின்னா, நான் உள்ள ஓடுனது எல்லாருக்கும் தெரியும். ஃபோர்மேனே ஓடுனான்னு. பாரு, புகையே இல்ல. டயர் ஆறிப் போச்சு.” வரப்பின் மேல் ஏறிவிட்டான்.

அவனை எதைச் சொல்லி நிறுத்துவது? வேலையை விட்டுத் தூக்கக்கூடியவன் அவன், தூக்கப்பட வேண்டியவள் அவள். கையைப் பிடித்து இழுத்தால் உதறிவிட்டுப் போவான். டேல் சுபான்சிச்சை எது நிறுத்தும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே அவனைத் தெரிந்தவள் யோசித்தாள். அவன் சட்டைப்பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். யார் தப்பை ஒப்புக்கொண்டாலும் கேட்ட இடத்திலேயே, அப்போதே, மணி போட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சுரங்கத்தில் அது மாறாத வழக்கம். அவன் அதை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

“டேல். பஸ்ஸருக்கு டேப் ஒட்டுனது நான்தான்.”

அவன் நின்றான். திரும்பினான். “என்ன சொன்னே?”

“நாற்பத்தேழுல. மார்ச் மாசம். நாலு அடுக்கு. நான்தான் ஒட்டினேன். எழுது.”

அவன் வரப்பிலிருந்து இறங்கி வந்தான். முகம் வாடிப்போயிருந்தது. “மார்லிஸ், இதை எழுதினா உன் வேலை போகும். அந்த டேப் புகையிலேயே உருகியிருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும். உக்காந்து எழுது. நிதானமா எழுது. உன் கையெழுத்தைப் பெரியவர் படிக்கணும்ல.”

அவன் கல்லின் மேல் உட்கார்ந்தான், நோட்டை முழங்காலில் வைத்தான். அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். எந்தக் கடையில் வாங்கின டேப், எந்தக் கிழமை, ஏன். உதறுவது பற்றி. லீவரை மறந்தது பற்றி. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவன் ஐந்தாவது வரியில் இருந்தான்.

பூமி ஒரு முறை எழும்பி இறங்கியது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. மார்லிஸ் காதைப் பொத்திக்கொண்டு வரப்பின் விளிம்பு வழியே எட்டிப் பார்த்தாள். நாற்பத்தேழு, அந்த மலை, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நாலு டன் டயரின் பாதியளவு துண்டு ஒன்று ஆகாயத்தில் மெதுவாகப் புரண்டபடி போனது. அது எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. சக்கரத்தின் இரும்பு வளையம் போன இடத்தைத்தான் பார்த்தாள். பிக்கப் வண்டியின் மேல்பாதி இல்லை. கீழ்ப்பாதி மட்டும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. கூழாங்கற்கள் வெகுநேரம் விழுந்துகொண்டேயிருந்தன. தூரத்து மரங்களிலிருந்து மிச்சமிருந்த பனியெல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்தது.

வயர்லெஸ்ஸில் லோர்னா இருவர் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள்.

“இருக்கோம். ரெண்டு பேரும் இருக்கோம்,” என்றாள் மார்லிஸ்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டேல் தன் கால் இரண்டையும் பார்த்தான், அப்புறம் பிக்கப் வண்டியைப் பார்த்தான், அப்புறம் அவளை. அவன் நோட்டின் அந்தப் பக்கத்தைப் பிடித்தான்.

“கிழிச்சிடறேன் மார்லிஸ். இது வேண்டாம். என்னால முடியாது.”

“கிழிச்சா, மத்த வண்டியில இருக்கிற டேப்பை நாளைக்கு யாரு எடுப்பா?”

அவள் அவன் கையிலிருந்து நோட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். அவன் விட்ட ஐந்தாவது வரியிலிருந்து தன் கையெழுத்தில் மீதியை எழுதினாள். எல்லோரும் உதறுகிறார்கள் என்று எழுத நினைத்தாள், எழுதவில்லை. நான் உதறினேன் என்று எழுதினாள். மணி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். நோட்டை அவனிடம் நீட்டினாள்.

டேல் அவள் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான். போட்டுவிட்டும் நோட்டை மூடவில்லை.

“கம்பி செத்துப்போச்சுன்னு நெனச்சு உள்ள ஓடினேனே,” என்றான். “இப்பவும் போகப் பார்த்தேனே.”

“ஆமா.”

அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் தன் பெயரை எழுதினான்.